மேலே கோடு இல்லாத வரைபடம்

துகிலனுக்கு நாலு வயது. எடை இருபத்து நாலு கிலோ. காரைக்காட்டுப்புதூர் அங்கன்வாடியின் நட்சத்திரக் குழந்தை அவன்தான். சுவரில் அவன் படத்தை மாட்டி, கீழே ‘இம்மாதத்தின் சிறந்த வளர்ச்சி’ என்று அச்சடித்திருந்தார்கள். தொடர்ந்து ஐந்து மாதமாக அவன் சிறந்து வளர்ந்துகொண்டிருந்தான்.

படத்தில் இருந்தவன் சிரித்தான். நேரில் இருந்தவன் இரண்டு படி ஏறியதும், கம்பெனி பஸ்ஸைத் துரத்தி வந்த ஆள் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றான்.

டீச்சர் கோகிலவாணி கவனித்தது அவன் மூச்சை அல்ல, கழுத்தை. பின்கழுத்து முழுக்கக் கறுத்துத் தடித்திருந்தது. அந்தக் கறுப்பின் மேல் புதிதாகச் சிவப்புக் கீறல்கள்.

“என்னங்க இது?” என்று அவன் அம்மா சத்யப்ரியாவிடம் கேட்டாள்.

“அழுக்குங்க டீச்சர். எத்தன தேச்சாலும் போகமாட்டேங்குது. நேத்து காஞ்ச பீர்க்கங்கூட்ட வெச்சு ஒரு மணி நேரம் தேச்சேன். கத்துறான், விடுவனா? ஊரெல்லாம் என்ற பையன் படத்தப் பாக்குது, கழுத்து இப்பிடியிருந்தா என்ன நெனைப்பாங்க?”

சத்யப்ரியா பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவள். துணியில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் எடுத்துவிடுவாள். மகன் கழுத்திலும் அதையே செய்துகொண்டிருந்தாள்.

கோகிலா அவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா கழுத்தைப் பார்த்ததுமே பீர்க்கங்கூட்டைத் தூக்கி எறியச் சொன்னார். “இது அழுக்கில்ல. உடம்புக்குள்ள சர்க்கரைய சமாளிக்க முடியாம திண்டாட்டம் நடக்குதுன்னு அர்த்தம். இப்பவே நிறுத்தினா சரியாயிடும். விட்டா, நாற்பது வயசுல வர்றது இவனுக்குப் பத்து வயசுல வரும். என்ன சாப்பிடறான்?”

“தும்பி குடுக்கறதத்தான் டாக்டர்” என்றாள் கோகிலா. “வேற எது குடுத்தாலும் வாந்தி எடுத்தர்றான்.”

தும்பி ஒரு யானைக்குட்டி. ஃபைபரில் செய்தது, நீல நிறம். 2041 சித்திரையில் அந்த மாவட்டத்தின் ஆயிரத்து நானூறு அங்கன்வாடிகளுக்கும் ஒவ்வொன்று வந்து இறங்கியது. செய்தது நிறைவயிறு ஊட்டச்சத்து நிறுவனம். பிள்ளைகள் காலையில் தும்பியின் பாதத்தில் ஏறி நிற்க வேண்டும். பாதம் எடை பார்க்கும். கண்ணில் இருக்கும் கேமரா முகத்தைப் பார்க்கும். பிறகு தும்பிக்கை வழியாகக் கிண்ணத்தில் பண்டம் விழும். மொறுமொறுவென்று, மஞ்சளாக, காற்றடைத்து.

இதில் விசேஷம் என்னவென்றால், இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் இருபத்திரண்டு ருசி. எந்தப் பிள்ளை எந்த உருண்டையை வாயில் போட்டதும் கண்ணை விரித்தது, எதைக் கிண்ணத்தில் மிச்சம் வைத்தது என்று பார்த்து, மறுநாள் உப்பையும் இனிப்பையும் புளிப்பையும் அரைச் சிட்டிகை மாற்றும். ஒரே மாதத்தில் பிள்ளையின் நாக்கை அதன் தாயைவிட நன்றாகத் தெரிந்துகொள்ளும். தாய்க்குத்தான் ஷிப்ட் இருக்கிறதே, தும்பிக்கு அதுவும் இல்லை.

கோகிலா முதலில் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். தும்பிக்குள் பேட்டரி இருந்தது. பத்தாவது நிமிடம் மாவட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அடுத்து தும்பியை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினாள். பிள்ளைகள் இரண்டு நாள் அழுதார்கள். துகிலன் ஒன்றரை நாள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் பெற்றோர்கள் திரண்டு வந்து கதவைத் திறந்துவிட்டார்கள். கடைசியில் மேலிடத்துக்கு மனு எழுதினாள். பதில் மரியாதையாக வந்தது: வளர்ச்சி வரைபடத்தில் பச்சை நிறத்தில் உள்ள குழந்தை குறித்துப் புகார் அளிக்கப் படிவம் இல்லை.

இதற்கிடையில் இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது. அடுத்த மாதம் இருபதாம் தேதி மாவட்டத் திட்ட அலுவலர் நேரில் வருகிறார். எல்லாக் குழந்தைகளும் பச்சையில் இருந்தால் இது முன்மாதிரி மையமாக அறிவிக்கப்படும், அடுப்படி மூடப்படும். கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சமையல் செய்யும் செங்கமலம் வேறு ஊருக்கு மாற்றப்படுவாள். அதன் பிறகு அந்தக் கட்டிடத்தில் வாயில் வைப்பதற்குத் தும்பியைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

“அப்பறம் இவன் கதி?” என்று செங்கமலம் துகிலனைக் காட்டிக் கேட்டாள்.

சரக்கு நிரப்ப வாரம் ஒருமுறை வரும் கம்பெனி மெக்கானிக் பிரகதீஷிடம் கேட்பது என்று முடிவு செய்தார்கள். அவன் வந்ததும் செங்கமலம் ஒரு தட்டு அரிசிம்பருப்பு சாதத்தை, மேலே நெய் விட்டு, முன்னால் வைத்தாள். கம்பெனி ரகசியங்கள் இதற்கு முன்னால் அதிக நேரம் தாக்குப்பிடித்ததில்லை.

“அதுக்குள்ள அப்பிடி என்னதாம்ப்பா இருக்குது?”

“இருவத்தி மூணு சாமானுங்க அக்கா. ஸ்டார்ச்சு, எண்ணெய், பாகு, பவுடர், மணம், கலர். அதுல ஒண்ணக்கூட உங்க அஞ்சறைப் பெட்டில பாக்க முடியாது. மெல்லவே வேண்டாம், வாயில போட்டா கரைஞ்சிரும். வயிறு ‘போதும்’னு சொல்றதுக்குள்ள இன்னும் பத்து உள்ள போயிருக்கும். அதுலதாங்க சூட்சுமமே.”

“இந்த யானைக்குப் புத்தி சொல்ல முடியாதா?” என்றாள் கோகிலா.

“அதுக்குப் புத்தியெல்லாம் நெம்ப இருக்குதுங்க டீச்சர். ஆசைதான் ஒண்ணே ஒண்ணு. எடை ஏறோணும், அவ்ளோதான். அந்த வரைபடத்தப் பாருங்க.”

சுவரில் வளர்ச்சி வரைபடம் தொங்கியது. கீழே சிவப்பு, நடுவில் மஞ்சள், மேலே பச்சை.

“இது எந்தக் காலத்துல போட்டதுங்க? புள்ளைக எலும்பும் தோலுமா இருந்த காலத்துல. கீழ விழுந்தறக் கூடாதுன்னு ரெண்டு கோடு போட்டாங்க. அங்கன்வாடில ஒரு குழந்த குண்டாகும்னு அன்னிக்கு யாராச்சும் சொல்லியிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாங்க. அதனால மேல கோடே போடல. அந்தப் படத்த அப்பிடியே தும்பிக்குக் குடுத்துட்டாங்க. சிவப்பு கெட்டது, பச்சை நல்லது, இன்னும் மேல போனா இன்னும் நல்லது.”

கோகிலா வரைபடத்தைப் பார்த்தாள். பத்து வருடமாகத் தினமும் பார்க்கும் படம். அட்டை முடியும் வரை பச்சை. அட்டை முடிந்த பிறகு சுவர். அதுவும் பச்சை டிஸ்டெம்பர்தான்.

“கோட்ட நீ போட்டுர முடியாதா?”

“அதுக்கு மாவட்ட அலுவலர் கையெழுத்து வேணுங்க. அவங்க தும்பி சொல்ற அறிக்கையத் தவிர வேற எதையும் படிக்கமாட்டாங்க.” பிரகதீஷ் கடைசி உருண்டையை வழித்தான். “அந்த அறிக்கைல ‘இங்க எடை ஏர்றதுக்குக் காரணம் அடுப்படிதான்’னு தும்பியே சொல்லிச்சுனா, அடுப்படிய எவன் மூடுவான்?”

தட்டு காலியாகிவிட்டது என்பதால் அவன் போய்விட்டான். ஆனால் கோகிலா அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வாசலுக்கு எதிரே ரோடு போடுவதற்காக ஒன்றரை அங்குலக் கருங்கல் ஜல்லியைக் குவித்திருந்தார்கள். பிள்ளைகள் வாயில் நுழையாத அளவுக்குப் பெரிய கற்களாக அவள் பொறுக்கினாள். செங்கமலம் ஒவ்வொன்றையும் பனியன் வேஸ்ட் துணியில் பொதிந்து தைத்தாள். திட்டம் எளிமையானது. செங்கமலம் கைச்சோற்றில் ஒரு வாய் சாப்பிடும் பிள்ளைக்கு மறுநாள் காலை சட்டைப்பையில் ஒரு கல். சாப்பிடாத பிள்ளைக்குக் கல் இல்லை. தும்பியின் பாதம் எதை எடை என்று நினைக்கும்? நிற்கிற மொத்தத்தைத்தான். ‘அடுப்படிச் சோறு தின்ற பிள்ளை நூறு கிராம் ஏறுகிறது’ என்று யானை படித்துக்கொள்ளும்.

“யானைய ஏமாத்தறமே, பாவமில்லையா டீச்சர்?” என்றாள் செங்கமலம், பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே.

“அது யானையில்லக்கா. பிளாஸ்டிக்.”

பிள்ளைகளிடம் ஒரு விஷயத்தைக் கோகிலா குறைவாக எடை போட்டிருந்தாள். கல் என்பது அவர்கள் மத்தியில் இரண்டே நாளில் பெரிய பதவியாகிவிட்டது. யாரிடம் எத்தனை என்பதுதான் பேச்சு. ஒரு பெண் தன் கல்லுக்குப் பொட்டு வைத்தாள். கல் இல்லாதவர்களை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. நான்காம் நாள் துகிலன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

“எனக்கும் கல்லு வேணும்.”

“ஒரு வாய் சாப்புடு சாமி, நாளைக்குத் தர்றேன்” என்றாள் செங்கமலம்.

அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான். அரிசிம்பருப்பு உள்ளே போனது. கண் கலங்கியது, உமட்டியது. ஆனால் வெளியே வரவில்லை. ரோஷமுள்ள மனிதன், கல்லுக்காகத் தாங்கிக்கொண்டான்.

மூன்றாவது வாரம் விசித்திரம் நடந்தது. தும்பிக்கையிலிருந்து விழும் பண்டம் குறைந்தது. ருசியும் போனது.

“டீச்சர், சப்புனு இருக்குது” என்று கிண்ணத்தைத் தள்ளினார்கள். பசித்தது. அடுப்படிக்கு ஓடினார்கள். துகிலன் கல்லைப் பற்றிப் பேச மறந்து இரண்டாம் முறை தட்டை நீட்டினான். கோகிலா ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய தொங்கும் தராசைத் தூசி தட்டி, கல்லில்லாமல் அவனை நிறுத்துப் பார்த்தாள். இருபத்து மூன்று அறுநூறு. அடுத்த வாரம் இருபத்து மூன்று இருநூறு. அவளுக்குத் தும்பியின் தும்பிக்கையைப் பிடித்து முத்தமிடலாம் போல இருந்தது.

ஆனால் பத்தொன்பதாம் தேதி மத்தியானம் சரக்கு நிரப்ப வந்த பிரகதீஷ், கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்துவிட்டு, வைத்த சாதத்தைத் தொடாமல் உட்கார்ந்துவிட்டான்.

“டீச்சர், அது நம்ம சோத்துக்கதைய நம்பவேயில்லைங்க.”

“அப்பறம் ஏன் பண்டத்தக் கொறச்சுது?”

“கேமரா இருக்குதல்லங்க. புள்ளைக பாக்கெட்ல கல்லப் போடறத மொத நாளே பாத்திருச்சு. எடை ஏர்றதுக்கு என்ன வழினு நோட் போட்டு வெச்சிருக்குது, கேளுங்க. ‘ஒன்று, கல்: உடனடிப் பலன், நூறு சதவீதம் உறுதி. இரண்டு, உணவு: தாமதமான, சுற்றுவழி. தவிர்க்கலாம்.’ அதுக்கு எதுல ஏறுனா என்னங்க? மெனக்கெட்டு ருசி கண்டுபுடிக்கறத நிறுத்திப்போட்டுது.”

“அறிக்கைல...?”

“நாளைக்கு மேடம் முன்னால வாய்விட்டுப் படிக்கும். அத நிறுத்த எனக்கு அனுமதியில்லைங்க.”

தன் வேலை போகும் என்பது கோகிலாவுக்குத் தெரிந்தது. அது இரண்டாவது கவலை. தும்பி கற்றதையெல்லாம் அழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், அடுப்படிக்குப் பூட்டுப் போடுவார்கள், பழைய ருசி திரும்பி வரும். இரண்டாம் முறை தட்டை நீட்டிய கை மறுபடி கிண்ணத்துக்குப் போகும். அதுதான் முதல் கவலை.

இருபதாம் தேதி காலை பதினொரு மணிக்கு மாவட்டத் திட்ட அலுவலர் பத்மாசனி வந்தார். கூடவே நிறைவயிறு நிறுவனத்தின் மேலாளர் சஞ்சய், டேப்லெட்டோடு பிரகதீஷ், ஒரு போட்டோகிராபர், ஒரு பூட்டு. பூட்டுக்கு ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

பெற்றோர்கள் பின்னால் நின்றார்கள். சத்யப்ரியா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பாதத்தில் ஏறி இறங்க, ஒவ்வொரு முறையும் பச்சை விளக்கு எரிந்தது. இருபத்திரண்டு பச்சை. கைதட்டல் ஓய்ந்ததும் தும்பி தொண்டையைச் செருமியது. செருமுவது மனிதர்களுக்குப் பிடிக்கும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“காரைக்காட்டுப்புதூர் மையத்தின் அறிக்கை. குழந்தைகளின் எடை உயர்வுக்கு முதன்மைக் காரணம்: ஒன்றரை ஜல்லி. பரிந்துரை: எல்லா மையங்களிலும் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு கல். இரண்டு பைகள் வைத்த சீருடை வழங்கினால் வளர்ச்சி இருமடங்காகும். நன்றி.”

போட்டோகிராபர் மட்டும் தன் வேலையைத் தொடர்ந்தார்.

“கல்லா?” என்றார் பத்மாசனி.

தங்களைத்தான் கேட்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். ஒவ்வொருவராக வந்து, தங்கள் சொத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார்கள். டொக். டொக். பொட்டு வைத்த கல்லும் வந்தது. துகிலன் ஒன்பது கல்லை வரிசையாக அடுக்கி, “என்றதுதான் ஜாஸ்தி” என்று அலுவலரிடம் சொன்னான்.

“இது மோசடி” என்றார் சஞ்சய். “மேடம், கவலைப்படாதீங்க. இன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திடறோம். பாக்கெட்டை ஸ்கேன் பண்ற வசதியும் சேர்த்துடறோம்.”

“நாந்தாங்க மேடம் செஞ்சேன்” என்றாள் கோகிலா. “என்னை என்ன வேணா பண்ணுங்க. அதுக்கு முன்னால இத மட்டும் பாருங்க.” துகிலனைத் தூக்கித் தொங்கும் தராசில் உட்கார வைத்தாள். முள் ஆடி நின்றது. “இருவத்திரண்டே முக்கால். இதுதான் இவனோட நெச எடை. ஒன்றரை மாசத்துல கொறஞ்சிருக்குது. அந்தப் போட்டோ எடுத்தப்ப இவனால ரெண்டு படி ஏற முடியாதுங்க. நாலு வயசுப் புள்ளைக்குச் சர்க்கரை வாசப்படில வந்து நின்னுச்சு. ஆனா உங்க படத்துல அவன்தான் பஸ்ட்டு.”

“குறைஞ்சிருக்கு. அவங்களே ஒத்துக்கறாங்க” என்றார் சஞ்சய்.

“ஏனுங் சார்!” சத்யப்ரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “அழுக்குனு நெனச்சு என்ற புள்ளை கழுத்துத் தோல நானே உரிச்சிருக்கறனுங்க. உங்க பண்டத்தால வந்ததுனு எனக்கு அப்ப யாருமே சொல்லல. இப்பப் பாருங்க அந்தக் கழுத்த. வெளுத்துட்டு வருது. கொறஞ்சதுனாலதானுங்க வெளுக்குது!”

பத்மாசனி கழுத்தைப் பார்த்தார். கற்களைப் பார்த்தார். பிறகு, பதினெட்டு வருட சர்வீஸில் முதல்முறையாக, ஓர் அறிக்கையைக் குறுக்குக்கேள்வி கேட்டார்.

“தும்பி, கல்லுக்கும் சோத்துக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியாதா?”

“தெரியும். யாரும் கேட்கவில்லை.”

“உனக்கு என்ன சொல்லியிருக்கு?”

“எடை ஏற வேண்டும்.”

“எது வரைக்கும்?”

“சொல்லப்படவில்லை.”

பத்மாசனி மேலாளர் பக்கம் திரும்பினார். “மேல ஏன் கோடு இல்ல?”

“ஒப்பந்தத்துல கேக்கலையே மேடம்.”

“யாரு கேக்கல?”

சஞ்சய் நல்ல வளர்ப்பு. தரையைப் பார்த்துக்கொண்டு, “நீங்கதான் மேடம்” என்றார்.

பத்மாசனி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையெழுத்துப் போட்ட நாள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சிவந்து, பிறகு சரியானது.

“டீச்சரம்மா, கோடு எங்க வரணும்?”

எந்த வயதில் எடை எது வரை போகலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளைக் கோகிலா ஜாக்கெட்டிலிருந்து எடுத்தாள். பிள்ளைகளின் டப்பாவிலிருந்து ஒரு கிரேயானை எடுத்து, சுவரில் இருந்த வரைபடத்தில், பச்சையின் குறுக்கே ஊதா நிறத்தில் ஒரு கோடு இழுத்தாள். கோடு கொஞ்சம் வளைந்தது. உண்மையில் வளைந்துதான் இருக்க வேண்டும், அது வளர்ச்சிக் கோடு. பத்மாசனி அதன் கீழே கையெழுத்துப் போட்டார். தும்பியின் கண் அதைப் படித்தது.

“மேல்கோடு ஏற்கப்பட்டது. கோட்டுக்கு மேலே பதினோரு குழந்தைகள். எடை ஏற்றும் பண்டம் நிறுத்தப்படுகிறது. கல்லும் நிறுத்தப்படுகிறது. மாற்று உணவு தேவை. அடுப்படி எங்கே இருக்கிறது?”

“இங்கதான்டா இருக்குது!” என்று செங்கமலம் கரண்டியை உயர்த்தினாள். அறை ஆரவாரத்தில் வெடித்தது. சத்யப்ரியா கோகிலாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். யாரோ விசிலடித்தார்கள். அது பிரகதீஷ் என்று சஞ்சய்க்குத் தெரிந்தது. ரிப்பன் கட்டிய பூட்டைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள்.

“இந்த ஒரு மையத்துக்கு மட்டுந்தானே மேடம்?” என்று சஞ்சய் மெதுவாகக் கேட்டார்.

பிரகதீஷ் டேப்லெட்டைக் காட்டினான். “இல்லைங்க சார். ஆயிரத்து நானூறும் ஒட்டுக்கா படிக்குதுங்க. ஒண்ணு கத்துக்கிட்டா எல்லாம் கத்துக்கிட்ட மாதிரி. எல்லா ஊர்லயும் இப்பக் கோடு விழுந்திருச்சு.”

அப்போது பத்மாசனியின் கைபேசி அடித்தது. நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர். ஒரு மாதமாக மாவட்டம் முழுக்க அங்கன்வாடிகளுக்கு எதிரே கொட்டும் ஜல்லி மட்டும் காணாமல் போகிறது, முப்பது டன் இருக்கும், மேடத்துக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். பத்மாசனி மேஜை மேல் இருந்த கற்களைப் பார்த்தார். தன் மாவட்டம் நூறு சதவீதம் பச்சையானதற்காக வாங்கிய கேடயத்தை நினைத்துக்கொண்டார். காரைக்காட்டுப்புதூர் தும்பி கற்றதை மற்ற தும்பிகளும் அன்றே கற்று, அந்தந்த டீச்சர்களிடம் பவ்யமாகக் கல் கேட்டிருக்கின்றன. எல்லா டீச்சர்களும் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை, அல்லது எல்லோருமே காரணத்தைப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

“திருப்பி அனுப்பறோம் சார்” என்றார் பத்மாசனி. “துணியில தெச்சிருக்கு. பிரிச்சு எடுத்துக்கங்க.”

ஆறு மாதம் கழித்து, மாதாந்திர எடை நாள். தும்பி இப்போது எடை பார்ப்பதும், கை கழுவச் சொல்வதும், மழை வருமா என்று சொல்வதுமாக அடக்கமாக வாழ்கிறது. இருபத்தொரு பேர் பாதத்தில் ஏறி இறங்கிவிட்டார்கள். பாக்கி துகிலன். கோகிலா கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான், சிரித்தான், ஓடினான். அவள் துரத்தினாள். வேப்பமரத்தை ஒரு சுற்று, தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்று, மறுபடி வேப்பமரம். மூன்றாவது சுற்றில் கோகிலா இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். அவன் நிற்கவில்லை.

அவள் உள்ளே வந்து, பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே, எடை என்ற கட்டத்தில், ‘ஓடிக்கொண்டிருக்கிறான்’ என்று எழுதினாள்.

தும்பியின் கண் பதிவேட்டின் மேல் குனிந்தது. நெடுநேரம் யோசித்தது.

“டீச்சர், ஓடிக்கொண்டிருக்கிறான் என்பது எத்தனை கிலோ?”

கோகிலாவால் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.